குடாவின் மறுகரை

திருகோணமலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கெல்லாம் கப்பல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகள், 1957 இல் பிரித்தானியர் கையளித்துப் போன கடற்படைத் தளம், சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள்: எல்லாம் வந்து போனவர்களின் வரலாறு. இருந்தவர்களின் வரலாறு குடாவின் மறுகரையில், கிண்ணியாவில் கிடக்கிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போக வேண்டியவர்கள் தலைமுறைகளாகப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடந்தார்கள். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம், இத்தனை புகழ்பெற்ற துறைமுகம் அவர்களுக்குச் செய்த எதையும்விடப் பெரிது என்பேன். ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலம் கட்டி முடியாத காலத்தில் சனங்கள் மறுபடியும் பாதையில்தான் ஏறினார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் உண்டு. அடுத்த ஜனவரியிலேயே தாங்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது: இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. அந்தக் கணக்கு நாட்கணக்கில் அலசப்பட்டது. அந்த அலசலில் டில்லி, பீஜிங் எல்லாம் வந்துபோயின. (உள்ளூர்ச் சாவுக்கு அந்த அகலம் கிடைப்பதில்லை.) அடுத்து திருகோணமலை வரலாறு எழுத முனைகிறவர், கடற்படைத் தளபதிகளின் பெயர்களில் பாதியை விட்டுவிட்டு, குறிஞ்சாக்கேணிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கட்டும்.