வலியும் வலையும்

நாட்பட்ட முதுகுவலியால் அவதியுறும் அமெரிக்க முன்னாள் படைவீரர் 229 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2013இல் வெளிவந்தது. அனைவருக்கும் அடியெண்ணும் கருவி தரப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டும் இணையவழி நடை இலக்குகளும் ஊக்கமொழிகளும் சேர்ந்தன. ஆறாம் மாதத்தில் அவர்களுடைய இயலாமை மற்றவரினும் குறைந்திருந்தது; ஓராண்டில் அவ்வேறுபாடு மறைந்தது.

இதனால் இத்தகைய திட்டங்கள் வீண் என்போமல்லோம். வலிக்கு அஞ்சி முடங்கினால் தசை தளரும், வலியும் வளரும். அச்சுழலை உடைக்க நடை உதவும். மருத்துவமனைக்கு நெடுந்தொலைவில் வாழ்வோர்க்கு இணையம் நல்ல துணையே.

எனினும், 'உன் வலியை நீயே பார்த்துக்கொள்' என்று அரசு கைகழுவ அது சாக்காகலாகாது. படைக்கு அழைத்த நாடு, ஓராண்டு கடந்தும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்க ஒரு மனிதரை அமர்த்தவேண்டும் என்பதே நம் கருத்து.