படத்தைப் பரணில் போடாதீங்க!

"ரேடியேஷன்தான் முடிஞ்சாச்சே, இன்னும் ஸ்கேன் எதுக்குய்யா?" விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சகஜமாகக் கேட்கிற கேள்வி.

நுரையீரல் கட்டியைக் குறிபார்த்து, சில தடவைகளிலேயே முடித்துவிடும் கதிர்வீச்சு பலருக்குப் பலன் தரும். சிலருக்கு மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி மாதிரி கட்டி திரும்பி வரும்.

வேடிக்கை என்னவென்றால், கதிர் பட்ட தழும்பும் சி.டி. படத்தில் கட்டி மாதிரியே வேஷம் போடும்! பெட் ஸ்கேன், திசுப் பரிசோதனை என்று போனால்தான் குட்டு வெளிப்படும். பழைய படம், எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்ற சீட்டு, எல்லாம் மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கட்டும்.

நிஜமாகவே வந்துவிட்டாலும் கதை முடியவில்லை. ஆபரேஷன், மறுபடி கதிர்வீச்சு, மரபணு பார்த்து மாத்திரை, எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்பும் மருந்து என்று ஆளுக்கேற்ற வழி உண்டு. புதுச்சேரி ஜிப்மர் ரெண்டு ஊருக்கும் பஸ் தூரம்தான்.

ஸ்கேன் தேதியில் காதுகுத்து வந்தால்? மொய்யை மச்சான் கையில் கொடுத்தனுப்புங்க சார்!