மேய்க்கால் புறம்போக்கில் யாருக்குப் பங்கு?

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் தொழிலை நம்பி வாழ்வோருக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. கருத்தரங்குகள் நடக்கும், 'புல்வெளி காப்போம்' என்று பதாகை கட்டுவார்கள். நல்லதுதான். ஆனால் நம் தென்மாவட்டத்து வறண்ட ஊர்களில் புல்வெளி என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்ற பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் காலனியில் இருக்கும் நமக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, நம் பெண்கள் நாலு ஆட்டைப் பத்திக்கொண்டு போகும் பொட்டல். இன்னொன்று, வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட ஆக்கிரமிப்பு நோட்டீஸ்.

2011இல் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு நான்கு ஆடுகள், ஐந்தாண்டில் ஏழு லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. நிலமற்ற ஏழைகளுக்கே ஆடு என்பது நிபந்தனை. நிபந்தனை சரியானதுதான். நிலமே இல்லாதவர் அந்த ஆட்டை எங்கே மேய்ப்பார் என்ற கேள்விக்கு மட்டும் திட்டத்தில் இடமில்லை. அடுத்தவர் புஞ்சையில் ஆடு வாய் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாதியைச் சொல்லி வசவு, ஆட்டைப் பிடித்துக் கட்டுதல், அபராதம். சில ஊர்களில் அடிதடி வரைக்கும் போகும். ஆகவே மேய்க்கால் என்பது நிலமற்றவருக்குப் பாதுகாப்பான ஒரே இடம். அது சுருங்கச் சுருங்க, காலனிக்காரர் ஊர்க்காரரின் தயவில் நிற்கும் நிலை கூடுகிறது.

சுருங்குவதற்குக் காரணம் பல. முதல் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட ஏடு, முட்புதர்க் காடுகளையும் சீர்கெட்ட மேய்ச்சல் நிலங்களையும் 'தரிசு' வகையில்தான் சேர்க்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் போதும், தொழிற்பேட்டையும் மரம் நடும் திட்டமும் வந்து நிற்கும். பட்டா நிலத்திலும் இதே கதைதான். கமுதியில் 2016இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் நிலத்தை விற்றவருக்கு ஏதோ ஒரு விலை கிடைக்கிறது. அறுவடைக்குப் பின் அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர் கையில் விற்பதற்கு எதுவும் இருப்பதில்லை. (பஞ்சமி நிலத்தையும் அன்று தரிசிலிருந்துதான் ஒதுக்கினார்கள். நம்மவர் பெயரில் இருந்தபோது அது தரிசு. கைமாறிய பிறகு மனையிடம்.)

இரண்டாவது காரணம் சீமைக் கருவேலம். விறகுக்கென்று அரசே பரப்பிய முள் இது. மாடும் ஆடும் நெற்றைத் தின்று சாணத்திலும் புழுக்கையிலும் விதையைக் கொண்டுபோய்ப் போட, மேய்க்கால் முழுக்க மண்டிவிட்டது. அதன் அடியில் கொழுக்கட்டைப் புல்லோ அருகோ தலையெடுப்பதில்லை. அதை அகற்ற நீதிமன்றம் சொன்னது. 2022இல் மாநில அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்! மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த முள்தான். ஒப்பந்ததாரரின் ஜே.சி.பி. ஒரே வாரத்தில் வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனால், முள்ளும் போச்சு, கூலியும் போச்சு. அங்கே புல் வருமா என்றால் அதுவும் வராது. வெட்டிய இடத்தில் தூர் திரும்பத் தழைக்கும், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். நாலைந்து வருடம் ஆள் வைத்துக் கன்று பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் புல் நிலைக்கும். அது ஆள் செய்ய வேண்டிய வேலை. நூறுநாள் வேலையின் பெயரும் சட்டமும் எப்படி மாறினாலும், அந்தக் கூலி உள்ளூர் நிலமற்றவருக்கே வர வேண்டும்.

புல்வெளிக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் 1987இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெளிமானுக்காக இருக்கிறது. வெளியில் வாழ்வதால் அது வெளிமான். நாலாபுறமும் கண்ணுக்கெட்ட வேண்டும், ஓட இடம் வேண்டும். முள் அடைத்தாலும் கஷ்டம், பசுமை என்று சொல்லி நெருக்கமாக மரம் நட்டாலும் கஷ்டம். ஆட்டுக்கு வேண்டியதும் மானுக்கு வேண்டியதும் பெரும்பாலும் ஒன்றுதான். ஐப்பசி மழையில் தளிர்க்கும் புல்லை அப்போதே மேய்த்துவிடாமல் விதை உதிரும் வரை ஒரு பகுதியை விட்டுவைப்பது, பிறகு மேய்ப்பது, இடம் மாற்றிக் கிடை போடுவது என்ற பழைய முறை இருவருக்கும் உதவும். தெருநாய்களைக் கட்டுப்படுத்துவது மானுக்குக் கூடுதல் நன்மை.

அரசுக்கோ வேலி போடுவது மட்டும்தான் தெரிகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதி மேய்ச்சலுக்கு முழுத்தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. வன உரிமைச் சட்டம் 2006 மேய்ச்சலை உரிமையாகவே சொல்கிறது. ஆனால் பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுபத்தைந்து ஆண்டுக்கு முன் நம் பாட்டன் ஆடு மேய்த்ததற்கு யார் ரசீது கொடுத்தார்?

இனி நோட்டீஸ் விஷயம். பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011 ஜனவரி 28இல் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. மேய்க்காலை மீட்க அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில், நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகை தரப்பட்டிருந்தால் விதிவிலக்காக வரன்முறைப்படுத்தலாம் என்ற வரியும் இருக்கிறது. அந்த வரி மட்டும் வட்டாட்சியர் அலுவலகங்களில் யார் கண்ணிலும் படுவதில்லை. ஐந்து ஏக்கரை வளைத்துத் தென்னை வைத்தவரும் ஒன்றரை சென்ட்டில் குடிசை போட்டவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். இடிப்பது குடிசையில் தொடங்குகிறது. தென்னை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

புல்வெளி மீட்பு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. வளைத்த பெரும்பரப்பை முதலில் எடுங்கள். குடியிருப்பவருக்கு மாற்று மனையும் பட்டாவும் தந்த பிறகு குடிசைக்கு வாருங்கள். மீட்ட நிலத்தில் மேய்ச்சல் முறையைத் தீர்மானிக்கும் குழுவில் ஆடு வளர்க்கும் நிலமற்ற பெண்கள் பாதிக்குப் பாதி இருக்கட்டும். 1994 ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் தரையின் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பு ஊராட்சிக்கு உண்டு. தனி ஊராட்சித் தலைவருக்கு நாற்காலியே தராத ஊர்களில் இது எளிதல்ல என்பது தெரிந்ததுதான்.

நோட்டீஸ் வந்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்ட பிறகுதான் 6ஆம் பிரிவில் வெளியேற்ற முடியும். விளக்கத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு, நம் ஊரில் மேய்க்கால் எத்தனை ஏக்கர், இப்போது யார் யார் கையில் எவ்வளவு என்று பட்டியல் எடுத்து, வரும் கிராம சபையில் வாசியுங்கள்.