கல் சொல்லும் கணக்கை நமக்கும் சொல்லுக!

மாமல்லபுரத்துக் கடலுக்கடியிலே எண்ணெய் உண்டா? உண்டென்று துள்ளுவோர் உளர். இல்லையென்று உதட்டைப் பிதுக்குவோரும் உளர். இரு சாராரும் கல்லைக் கேட்டுத்தான் பேசுகிறார்களா?

பல்லவன் உளி பட்ட கல், பெருவெப்பத்திலே உருமாறிய சார்னகைட். அதிலே எண்ணெய் தேடுவது மலட்டுப் பசுவிடம் பால் கறப்பதாகும். ஆனால் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்புதூர்க் களிப்பாறை வேறு இனம். 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இலைத் தடங்கள் பதிந்தது. அது அடங்கிய பாலாற்றுப் படுகை கரையோடு நிற்கவில்லை, கடலுக்குள்ளும் நீள்கிறது.

எண்ணெய் பிறக்கும் பாறையை மூலப்பாறை என்பர். அதனிடம் கேட்க வேண்டியவை, அடுப்பங்கரையிலே தாய்மார் கேட்கும் கேள்விகள்தாம். உலையிலே அரிசி எவ்வளவு? என்ன அரிசி? வெந்ததா? பாறையிலே உயிர்ப்பொருளின் கரி அரை விழுக்காடுகூட இல்லையென்றால் பயனில்லை. கடற்பாசி மட்கியதாயின் எண்ணெய் தரும். நிலத்துத் தாவரமாயின் பெரும்பாலும் எரிவாயுதான். ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வெப்பத்திலே வெந்தால் எண்ணெய். குறைந்தால் பச்சை, மிகுந்தால் வாயு.

நாகை அருகே நரிமணத்திலே 1980களில் எண்ணெய் கிடைத்ததே என்பார்கள். காவிரிப் படுகையிலே மூலப்பாறை ஆழப் புதைந்து வெந்தது. அண்டை வீட்டு உலை கொதித்தால் நம் வீட்டுச் சோறு வெந்துவிடுமா? இலைத் தடம் கண்டு எண்ணெய் ஊற்றென்பது ஆரவாரம். ஒரு கிணறு வறண்டதும் படுகையே வறண்டதென்பது அவசரம். சோதனைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்ப்பு யார் கைக்குப் போகிறது? அரசியல் சட்டத்தின் 297ஆம் பிரிவு கடலடிச் செல்வத்தை டில்லியிடம் ஒப்படைத்திருக்கிறது. நிலத்திலே எடுத்தால் உரிமைத் தொகை மாநிலத்துக்கு. கடலிலே எடுத்தால் டில்லிக்கு! வருவாய் வடக்கே, வம்பு மட்டும் தெற்கே! 2017 சனவரியிலே எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதைக் கரையிலே நின்று வாளியால் அள்ளியவை யார் கைகள்? டில்லியின் கைகளா?

எண்ணெய் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கண்ணைக் கட்டாதே என்கிறோம். துளையிடும் முன்பே பாறைச் சோதனையின் முடிவுகளைத் தமிழிலே அச்சிட்டு, கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் மீனவர் முன் வையுங்கள். கடல் வருவாயிலே மாநிலத்துக்குப் பங்கு தாருங்கள். முடிவெடுக்கும் மேசையிலே தமிழ்நாட்டுக்கு ஓர் இருக்கை போடுங்கள்.

கல்லைக் கேட்டவர்கள், கரையில் வாழ்பவனையும் கேட்கட்டும்!