மேற்றிராசனத்தின் வரலாறா, மேல்சாதியின் வரலாறா?

நெம்மேலிக்கு வடக்கே கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. 1808இல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டியது. காசு கொடுத்தவர் பேர் தெரிகிறது. கல் சுமந்தவன் எந்தச் சேரி? மயிலை மேற்றிராசனத்தின் வரலாறு முழுக்க இதே லட்சணம்தான் தோழர்களே.

தோமையார் வந்தார் என்பார்கள். போர்த்துக்கீசியர் சாந்தோம் நகரத்தைக் கட்டினார்கள். 1606இல் மேற்றிராசனம் பிறந்தது, மேற்றிராணியாரைக் காட்டுகிற உரிமை போர்த்துக்கல் ராசாவுக்கு. 1642இல் வெள்ளைக்காரன் கோட்டையில் கப்புச்சின் சாமியார்கள் தனி மிஷன் தொடங்கினார்கள். எவன் அதிகாரம் பெரிசு என்று மல்லுக்கட்டி, 1952இல்தான் சென்னை–மயிலை என்று ஒன்றானது. 2002இல் அதிலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. எல்லாம் சரி. நம்ம சனம் எங்கே?

பேங்கில் பேரேடு பார்க்கிறவன் நான். வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்ட கணக்கு இது.

விட்ட பக்கத்தைப் படிப்போம். பழைய மயிலை மேற்றிராசனம் சோழமண்டலக் கரை நெடுகக் கிடந்தது, புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான். 1704இல் ரோமின் தூதர் தூர்னோன் அங்கே உட்கார்ந்து ஆணை போட்டார்: சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குருக்கள் நுழைந்து அவஸ்தை கொடுக்க வேண்டும். ஆணை போட வேண்டியிருந்தது என்றால் அதுவரை நுழையவில்லை என்றுதானே அர்த்தம்? நாற்பது வருசம் இழுத்தடித்தார்கள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழி சொன்னார்: சேரிக்கென்று தனிச் சாமியார்கள்! தீண்டாமைக்கு ரோமாபுரி முத்திரை.

மறு வருசமே புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்த சுவர் இடிந்தது. தானாக இடியவில்லை, நம்மவர்கள் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் குதித்தார்கள். ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. (அவர் ஒன்றும் நம்ம ஆள் இல்லை.)

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் வீடு தாக்கப்பட்டது. 2016இல் ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒத்துக்கொண்டது.

இந்தப் பக்கத்தை மறைப்பதால் யாருக்கு நஷ்டம்? சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசைக்கு. சக்கிலியத் தொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவன் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். 1950ஆம் வருச சனாதிபதி ஆணை அப்படி. வழக்குப் போட்டார். 1985இல் உச்சநீதிமன்றம் கேட்டது: மதம் மாறின பிறகும் அதே இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? போதவில்லை என்று தள்ளிவிட்டது.

ஆதாரம் யார் வீட்டில் இருக்கிறது? ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கணக்கு, திருவிழா வரிக் கணக்கு, சாமியார்கள் மேலிடத்துக்கு எழுதின கடிதம், எல்லாம் கோயில் பீரோவில். சபையில் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்வது, சர்க்கார் வக்கீலுக்குக் கையில் எடுத்துக் கொடுக்கிற வாதம். எஸ்.சி. சலுகை கேட்டு ஊர்வலம் போகிற குருக்களும் இதை யோசிக்கணும்.

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. குண்டு போட்டவன் எவன் எந்த வேதம் என்று சர்டிபிகேட் கேட்டானா?

மாணவத் தோழர்களே, மூணு பேர் நாலு பேராய் ஒவ்வொரு பங்குக்கும் நோட்டோடு போங்கள். பதிவேட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். திறக்காவிட்டால் மறுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் சாவி தேவையில்லை. சுவர் எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் யார் கிடக்கிறார்கள் என்று அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.