சூரை மீனும் பதினாறு லட்சம் கடனும்

பாக் நீரிணையை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள், சூரை பிடியுங்கள், சிறைவாசம் தீரும் என்று மீனவருக்கு வழி காட்டினார்கள். 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் பிரதமரே வந்து ஆணைகளை வழங்கினார். மூன்றாண்டில் 2,000 படகுகள், மொத்தம் ரூ. 1,600 கோடி, முதலாண்டில் மட்டும் 500 படகுகள்! முழக்கத்துக்குக் குறைவில்லை. மூன்றாண்டும் போயிற்று, அதற்கு மேலும் ஆண்டுகள் போயின. இலக்கின் பக்கத்தில்கூட வந்து சேரவில்லை.

மீனவன் பழக்கத்தை விடமாட்டான் என்று குற்றம் சாட்டும் மேதாவிகள் உண்டு. அவர்களுக்காகக் கணக்கைப் பார்ப்போம். திட்டம் வந்தபோது படகின் விலை 80 லட்சம். மத்திய சர்க்கார் 40, மாநில சர்க்கார் 16. மானியம் பெரிதுதான், மறுக்கவில்லை. மீதி? வங்கிக் கடன் 16 லட்சம், கைமுதல் 8 லட்சம். பழைய இழுவைப் படகையும் கைவிட வேண்டும். எட்டு லட்சத்தைக் கையில் வைத்திருக்கும் மீனவன் எத்தனை பேர், தோழர்களே? கந்துவட்டிக்காரனிடம் வாங்கித்தானே கட்ட வேண்டும்!

சூரையோ ஓயாமல் ஓடும் மீன். ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சென்று பிடிப்பார்கள். மைல் கணக்கில் ஆயிரங்கால் தூண்டில் விட்டும் பிடிப்பார்கள். ஆழமில்லாத பாக் நீரிணையில் மடி இழுத்து மறுநாளே கரை திரும்பியவனுக்கு இது முற்றிலும் வேறு தொழில். வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். பிடித்ததும் குடலை நீக்கி ஐஸில் புதைக்காவிட்டால் மீன் கெட்டு நச்சாகும், விலையும் விழும். நல்ல மீனை ஜப்பானியர் பச்சையாக உண்ணப் பெருவிலை கொடுக்கிறார்கள். அந்த விலையில் நம் கரைக்கு வந்து சேருவது எவ்வளவு என்பதை ஏலக் கூடத்தில் நின்று பார்த்தவர் அறிவர்.

ஆழ்கடல் தமிழனுக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மக்கள் எந்த விழாவும் இல்லாமலே கொச்சியிலிருந்து புறப்பட்டு அரபிக்கடலைக் கடந்து சூரையும் சுறாவும் பிடித்து வருகிறார்கள். அவர்களுக்குச் சர்க்கார் செய்தது என்ன? அதே 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தொலைவில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் பெண்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. ஆழ்கடலுக்குப் போ என்று அனுப்பிய அதே ஆண்டின் கதை இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். பாக் நீரிணையில் நமது இழுவை மடி, எதிர்க்கரைத் தமிழ் மீனவனின் வலையை அறுக்கிறது. ஆகவே மாற்றுத் தொழில் வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் திட்டம் யாரைக் கணக்கில் எடுத்தது? படகுக்காரரை. ஒவ்வொரு படகிலும் பங்குக்கு வேலை செய்கிறானே, டீசலும் ஐஸும் கழித்த மிச்சத்தில் கூலி பெறுகிறானே, அவன் பெயர் எந்த ஆணையிலும் இல்லை. கூட்டுறவாகப் படகு கொடு, தொழிலாளியைப் பங்காளியாகச் சேர், பயிற்சிக் காலத்துக்குப் படி கொடு, தொலைதூரச் செய்திக் கருவியை ஒவ்வொரு படகிலும் பொருத்து என்று கேட்கிறோம். பழைய படகை உடைக்கும் நாளில் அதில் வேலை பார்த்தவன் எங்கே போவான் என்பதற்கு முதலில் பதில் வரட்டும்.