பல் செட்டுக்கு மூலிகைப் பசை வேண்டாம்!

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பல் செட் கட்டியிருக்கிறார்களா? அதை எதைப் போட்டுத் தேய்க்கிறார்கள் என்று நாளைக் காலையில் கவனியுங்கள். மூலிகைப் பற்பசையா? அல்லது பற்பொடியா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பீர்கள். குற்றவாளி மூலிகை அல்ல; அதோடு கூட வரும் தூள். வேம்பும் லவங்கமும் வாசனைக்கும் ஈறுக்கும் ஆகும். அழுக்கைத் தேய்த்து எடுப்பது சுண்ணாம்புக்கல் தூள், அல்லது மணல் இனமான சிலிக்கா. சிவப்புப் பற்பொடிகள் சிலவற்றில் காவிக்கல்லும் உண்டு. சாதாரணப் பற்பசையிலும் தூள் உண்டுதான். ஆனால் மூலிகை என்றால் சாது என்று நம்பி, நாம் இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம்! லவங்கம் பல்வலிக்குக் கேட்கும். பல் செட்டுக்கு வலிக்குமா?

சொந்தப் பல் இதைத் தாங்கும். அதன் மேலே இருக்கும் எனாமல், உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். பல் செட் அப்படி அல்ல. முன்பெல்லாம் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி அதன் அடித்தட்டைச் செய்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. கடைப் பெயர்ப்பலகையில் பளபளக்கிறதே, அந்த இனத்துப் பிளாஸ்டிக்! சாம்பல் போட்டுத் தேய்த்தால் அது என்ன ஆகும்? மங்கிப் போகும்.

பளபளப்பு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில்தான் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறுகிறது. செட்டுக்கு அடியில் மேலண்ணம் சிவந்து புண்ணாகிறது. பல நேரம் வலியே இருக்காது. வலித்தாலும் பெரியவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. "பசியில்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது சுலபம். மிருதுவான பிரஷ், கொஞ்சம் சோப்பு, பச்சைத் தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் கூடாது, செட் கோணிவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். செட்டை ஊறவைக்கும் மாத்திரையும் கடையில் கிடைக்கிறது. விழுங்கும் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள்! ஊறிய செட்டை நன்றாகக் கழுவித்தான் மாட்ட வேண்டும்.

தெரியாமல் தேய்க்கும் பெரியவர்களைக் கோபித்து என்ன பயன்? பசை விற்பவர்கள், "பல் செட்டுக்கு ஏற்றதல்ல" என்று டப்பாவின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் போடட்டும். பல் கட்டும் டாக்டரும், பணம் வாங்கும் நேரத்தில், இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பட்டும்.